வாசு மரத்தில் இருக்கிறான்

என் பேரன் வாசு மரத்தில் குடியிருக்கிறான் என்று முதலில் சொன்னவள் வின்னி. தங்க வயலில், சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மைசூர் மைன்ஸ் லைனில் எங்களுக்குப் பக்கத்து வீட்டு ஞானசுந்தரியின் மகள். ஒன்பது வயதிருக்கும். சொன்ன இடம் தெருக்குழாயடி. கேட்டவள் என் மருமகள் யசோதா. வாசு காணாமல் போய் அப்போது ஒரு மாதம் கடந்திருந்தது.

எங்கள் வீட்டைப் பற்றி லைனில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். இப்போதும் பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

என் தகப்பனார் வடாற்காட்டிலிருந்து தங்க வயலுக்கு வந்தவர். வந்த சில வருடங்களில் புத்த சங்கத்தில் சேர்ந்து பஞ்சசீலம் ஏற்றவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேய் பிசாசு கிடையாது. மந்திரித்த கயிறு கிடையாது. பொய் கிடையாது. எங்களைக் குறைத்துப் பேசிய ஊருக்கு, வெள்ளை வேட்டியும் சுத்தமான வாக்குமே எங்கள் பதில் என்று அவர் சொல்வார். நானும் அப்படியே வளர்ந்தேன், அப்படியே வளர்த்தேன். பேங்க்ஸ்மேனாக வேலை செய்தேன். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் நின்று, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் பார்த்து மணியடிக்கிற வேலை. அடியில் இருக்கிறவனுக்கும் மேலே காத்திருக்கிறவளுக்கும் நடுவில் பேங்க்ஸ்மேன் வாக்கு ஒன்றுதான் பாலம்.

லைனுக்கு மேற்கே ஒரு பங்களா இருந்தது. சுரங்கத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது அதிலிருந்த வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கிளம்பிப் போனார். பிறகு யாரும் குடிவரவில்லை. தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரங்களும் நாவல் மரங்களும் கிளையோடு கிளை பின்னிக்கொண்டு வளர்ந்தன. அந்த மரங்களில் எங்கள் லைன் பிள்ளைகள் கற்பனையில் ஒரு கூட்டத்தையே குடிவைத்திருந்தார்கள். மரத்துப் பசங்க என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து இதே பேச்சுதான்.

"தரையில காலே வெக்க மாட்டாங்கப்பா. ஏர் பிளாஸ்ட் வந்தா பூமி ஆடுதில்ல, அந்த பயம். ஒருவாட்டி ஏறினவங்க எறங்கவே இல்ல."

"அப்ப குளிக்கிறது?"

"இன்னாத்துக்குக் குளிக்கணும்? மழ வந்தா நனைவாங்க. தொர உட்டுட்டுப் போன குளிக்கிற தொட்டி இருந்துதில்ல, அத மேல இஸ்துகினு போயி ஊஞ்சல் கட்டிகீறாங்க."

"கிளிய புடிச்சி கன்னடத்துல திட்டறதுக்குக் கத்துக் குடுக்கறாங்க."

"எங்க அண்ணன் பாத்துகீறான். நகம் ஒவ்வொண்ணும் பருந்து மாதிரி."

"உங்க அண்ணனுக்கு மாலக்கண்ணு. சாயங்காலம் ஆனா உங்க ஆட்டையே நாயிம்பான்."

ஏர் பிளாஸ்ட் என்பது அடியில் ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் தானாக வெடிப்பது. எங்களுக்குப் பழகிய விஷயம். வீட்டில் பாத்திரம் உருளும், சுவரில் மண் உதிரும், பெண்கள் வாசலுக்கு வந்து ஷாஃப்ட் பக்கம் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அது பழகவில்லை. ஆடாத இடம் ஒன்றை அவர்கள் மரத்தின் மேல் கட்டிக்கொண்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அது வெறும் புளுகாகவே பட்டது. வாசுவிடம் சொன்னேன்: "சொல்றவங்க சொல்லட்டும். நம்ம வீட்டுப் பிள்ளை இதைச் சொல்லக் கூடாது." தலையாட்டினான். மறுநாளும் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

ஆவணி மாதத்து ஒரு பிற்பகலில் பிள்ளைகள் நாவல் பழம் பொறுக்கப் பங்களாத் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். பெரிய ஏர் பிளாஸ்ட் ஒன்று வந்தது. தோட்டத்துக் கடைசியில், யார் எந்தக் காலத்தில் தோண்டியது என்றே யாருக்கும் தெரியாத பழங்குழி ஒன்று புல் மூடிக் கிடந்தது. அது வாய் திறந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் ஓடி வந்தார்கள். வாசு வரவில்லை. குழி விளிம்பில் அவனுடைய பை கிடந்தது. பழம் உள்ளேயே இருந்தது.

மீட்புப் படையாட்கள் கயிற்றில் இறங்கினார்கள். நான் பழகிய ஆட்கள், உயிரைக் கொடுத்துத் தேடினார்கள். அடியில் தண்ணீர். பக்கமண் சரிந்துகொண்டே இருந்தது. ஒருவர் மேல் மண் விழுந்து, அவரைத் தூக்கியெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில், இனி ஆள் இறக்க முடியாது, மூடிவிட வேண்டும் என்றார்கள். லாரியில் கல் வந்தது. யசோதா லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"மூடிட்டீங்கன்னா அவன் எந்த வழியா வருவான்?" என்று கேட்டாள்.

என் மகன் தர்மராஜ்தான் அவளைப் பிடித்து அழைத்துப்போனான்.

ஏழாம் நாள் சங்கத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள், தானம் எப்போது கொடுப்பது, படத்துக்கு எப்போது மாலை போடுவது என்று பேச. யசோதா உள்ளேயிருந்து வந்தாள். அவர்களிடம் பேசவில்லை. என்னிடம் பேசினாள்.

"மாமா, எங்கப்பா அடியில மாட்டிகினப்போ எங்கம்மாகிட்ட இன்னா சொன்னீங்க?"

ஷாஃப்ட் வாயில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. அடியில் விபத்து நடந்தால் மனைவிமார் கேட்டருகே வந்து நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் பேங்க்ஸ்மேனைத்தான் கேட்பாள். ஆள் கண்ணெதிரே ஸ்ட்ரெச்சரில் மேலே வரும்வரை, என்ன தெரிந்திருந்தாலும், பேங்க்ஸ்மேன் செத்தான் என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டான். "இன்னும் வரலை" என்பது மட்டும்தான் அவன் வாயில் வரும். அது பொய்யல்ல, ஆறுதலும் அல்ல. தான் பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சொல்லாத மரியாதை. யசோதாவின் தகப்பனார் பாறைக்குள் அகப்பட்டபோது, ஆபீஸிலிருந்து வந்தவர்களே கைவிரித்துவிட்டார்கள். நான் அவள் அம்மாவிடம் "இன்னும் வரலை" என்று மட்டும் சொன்னேன். யசோதா அப்போது பாவாடை கட்டிய சிறுமி. மறுநாள் அவள் தகப்பனார் தன் காலாலேயே கேஜிலிருந்து வெளியே நடந்து வந்தார். அவர் பெண்ணைத்தான் பிறகு என் மகனுக்குக் கேட்டுக் கட்டிவைத்தேன்.

"சொல்லுங்க மாமா. வாசு மேல வந்துட்டானா?"

"இன்னும் வரலை" என்றேன்.

"அப்ப எதுக்கு மாலை?"

சங்கத்துப் பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களை வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பினேன். தானம் நின்றது. படமும் மாலையில்லாமல் நின்றது.

இந்த நிலைமையில்தான் வின்னி குழாயடியில் வாயைத் திறந்தாள். அவள் சொன்னதைப் பிறகு ஞானசுந்தரி எனக்கு அப்படியே ஒப்பித்தாள். குழிக்குள் விழுந்த வாசு அடியில் குறுக்கே போகும் லெவல் என்கிற சுரங்கப் பாதை வழியாகத் தவழ்ந்து போனானாம். பெரிய தூங்குமூஞ்சி மரத்து வேர் அடியில் தொங்கியதாம். அதைப் பிடித்து ஏறினால் அடிமரத்துப் பொந்து வழியாகக் கிளைக்கே வந்துவிட்டானாம். மரத்துப் பசங்க அவனைச் சேர்த்துக்கொண்டார்களாம். இனி தரையில் கால் வைக்கக் கூடாது என்பதால்தான் வீட்டுக்கு வரவில்லையாம்.

யசோதா குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்.

"சாப்ட்டானா?"

"எங்க அத்த? அவங்க நாவல் எலதான் தின்றாங்க. அவனுக்குப் பிடிக்கல. ஒரே சண்ட."

அன்று மாலையே வீட்டில் கடலை வறுபடும் வாசனை வந்தது. வெல்லப்பாகு வைத்து உருண்டை பிடித்து, தூக்குச் சட்டியில் போட்டு, யசோதா பங்களாத் தோட்டத்துக்குப் போனாள். பெரிய மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் தூக்கு காலியாக இருந்தது. பிறகு உருண்டையோ போண்டாவோ, தினமும் இதுவே நடந்தது. குழாயடியில் வின்னி சேதி கொண்டுவருவாள்.

"உருண்டையில வெல்லம் கம்மியாம் அத்த."

"நேத்து போண்டா அவன் ரெண்டு தின்னுட்டான். இன்னொருத்தன் புடுங்க வந்தான். எட்டி உதைச்சிட்டான்."

"சட்ட கிழிஞ்சி போச்சாம். உனக்கு சொல்லாதன்னான்."

யசோதா சிரித்தாள். அந்த மாதத்தில் முதன்முறையாகத் தலைவாரிக்கொண்டாள். தர்மராஜுக்கும் எனக்கும் வேளைக்குச் சாப்பாடு போட்டாள். எங்களோடு உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள். தர்மராஜ் என் முகத்தைப் பார்ப்பான். நான் தட்டைப் பார்ப்பேன்.

லைன் சும்மா இருக்குமா? ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் ஒருவன் என்னிடமே கேட்டான்: "இன்னா பெரியவரே, பேயே இல்லன்னு கூட்டம் போட்டுப் பேசுவீங்க. உங்க வீட்லயே மரத்துக்குப் படையலாமே?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் தகப்பனார் காலத்திலிருந்து யாரும் எங்கள் வீட்டைப் பார்த்துச் சிரித்ததில்லை. குடையை எடுத்துக்கொண்டு நேரே பங்களாத் தோட்டத்துக்கு நடந்தேன்.

மரத்துப் பசங்களை அன்று நான் கண்ணால் கண்டேன். பெரிய மரத்தின் தாழ்ந்த கிளையில் வரிசையாகக் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் எங்கள் லைன் பிள்ளைகள். நடுவில் வின்னி. மடியில் என் வீட்டுத் தூக்கு. வாயெல்லாம் வெல்லம்.

"எறங்குங்க" என்றேன்.

பொத்பொத்தென்று குதித்து ஓடினார்கள். வின்னி மட்டும் ஓடவில்லை. மெல்ல இறங்கித் தூக்கை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"திருட்டுத் தீனிக்காகத் தாயை ஏமாத்தறியா?"

"அவன் பங்கு வெச்சிட்டுதான் தாத்தா தின்றோம்."

மேலே காட்டினாள். கிளை பிரியும் இடத்தில் ஒரு கடலை உருண்டை இருந்தது. அதற்குக் கீழே, மரத்தோடு ஒட்டிக்கொண்டு, முந்தைய நாட்களின் உருண்டைகள். எறும்பு சாரை பிடித்திருந்தது.

"அவன் எம் பின்னாலயேதான் ஓடி வந்துகினு இருந்தான் தாத்தா" என்றாள் வின்னி. "நான் திரும்பிப் பாக்காம ஓடிட்டேன். அதுக்குள்ள மேல ஏறிட்டிருப்பான். இல்ல?"

அந்தப் பெண்ணுக்கு அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளைக் கையைப் பிடித்து ஞானசுந்தரியிடம் கொண்டுபோய் விட்டேன். மற்ற வீடுகளுக்கும் போனேன். இனி என் பேரன் பெயரை எந்தப் பிள்ளையும் எடுக்கக் கூடாது என்றேன். என் வார்த்தைக்கு லைனில் மதிப்பு இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

அடுத்த நாள் குழாயடியில் யசோதா கேட்டாள். "இன்னா வின்னி, நேத்து இன்னா சொன்னான்?"

"தெரியாது அத்த."

"போண்டா புடிச்சிதாமா?"

"தெரியாது அத்த. எனக்கு ஒண்ணும் தெரியாது." குடத்தை விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அன்று மரத்தடியில் வைத்த தூக்கு மறுநாள் வைத்தபடியே இருந்தது. அதற்கடுத்த நாளும். யசோதா அதைத் திறந்து பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இருட்டிய பிறகு தர்மராஜ் போய் அழைத்துவந்தான். பொழுது விடிந்ததும் போய்விட்டாள். அடுப்பு எரியவில்லை. எங்களுக்கு நானே கஞ்சி வைத்தேன். அவளுக்குக் கொண்டுபோனதை மரத்தின் வேரில் வைத்துவிட்டு, "அவன் சாப்பிடாம நான் எப்டி?" என்றாள். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு வெளியே வந்தது. மைன்ஸ் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஊசி போட்டார். சாப்பிடாவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த தர்மராஜ் சகதிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றான்.

"நைனா, அந்தப் பொண்ண மறுபடி பேசச் சொல்லுங்க."

"பொய்யையா?"

"பொய்யோ மெய்யோ, அதுல அவ சோறு துன்னா நைனா. பிள்ள போயிட்டான். இவளும் போயிடுவா. அப்புறம் நீங்களும் நானும் இந்த வீட்ல எந்த மானத்தக் கட்டிகினு உக்காந்திருக்கப்போறோம்?"

என் மகன் அதுவரை என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அவன் சொன்னதில் தவறும் இல்லை. ஆனால் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, நான் தடுத்த பொய்யை எனக்காகச் சொல் என்று கேட்பது எப்படி? அந்தப் பாரத்தை அவள் ஏற்கனவே வேண்டிய மட்டும் சுமந்துவிட்டாள். சொல்ல வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவன் சொல்ல வேண்டும். என் வாக்கு யசோதாவுக்கு மருந்தாகும் என்றால், அதை வேறு எதற்காகக் காத்து வைத்திருக்கிறேன்?

மறுநாள் காலை சுத்தமான வேட்டி உடுத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். யசோதா மரத்தில் சாய்ந்திருந்தாள். வெயில் இலை வழியாக அவள் மேல் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றேன். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"உக்காரும்மா" என்றேன். "வாசுவைப் பார்த்தேன்."

அவள் கண் என் முகத்துக்கு வந்தது. அந்தப் பார்வையை நான் முன்பே அறிவேன். கேட்டருகே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த சிறுமியின் பார்வை. சந்தேகம் என்பதே அதில் இல்லை.

"எங்க மாமா?"

"மேலே. அந்தப் பெரிய கிளையில். காலையில் வந்தபோது நின்றுகொண்டிருந்தான்."

"நல்லா கீறானா?"

"நன்றாக இருக்கிறான்."

"இளைச்சிட்டானா?"

"இல்லை. கொஞ்சம் வளர்ந்திருக்கிறான்."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலுக்கு மேலே கண் சிரித்தது. பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. கொண்டுவந்த கஞ்சியைத் தூக்கு மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"உங்களப் பாத்தானா? இன்னா சொன்னான்?"

இதற்கு நான் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. என் வீட்டுப் பிள்ளை, என் பேரன், தாய் இப்படிக் கிடக்கும்போது என்ன சொல்வான் என்று நினைத்தேனோ, அதைச் சொன்னேன்.

"'தாத்தா, அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் இங்கே நலமாக இருக்கிறேன். என்னை நினைத்து அழ வேண்டாம்' என்றான்."

கஞ்சி வாயருகே போய் நின்றது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு மூடியைக் கீழே வைத்தாள், சிந்தாமல்.

"அவன் அப்டி சொல்ல மாட்டான் மாமா" என்றாள்.

மூடியை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"வின்னி சொல்லுவா. வெல்லம் கம்மின்னான், புடுங்கித் தின்னான், ஒதைச்சான்னு. அதான் வாசு. நீங்க சொல்றது…" முடிக்கவில்லை. ஒரு துரும்பை எடுத்துத் தரையைக் கீறினாள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எந்த பொம்பள எப்டி அழுதாலும் சொன்னதில்ல. எங்கம்மா உங்க கால்ல உழுந்துச்சி. அப்பகூட சொல்லல."

"யசோதா…"

"இப்ப எனக்காக சொல்றீங்க. அப்டின்னா அவன் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிகினேதான் இருந்திச்சி. இல்ல மாமா?"

தூரத்தில் ஷிஃப்ட் சங்கு ஊதியது. அது அடங்கும்வரை நின்றேன்.

"அவன் இல்லைம்மா" என்றேன். "அவன் இனி வரமாட்டான்."

அவள் அழுத அழுகையை எழுத மாட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணின் அழுகை அது. லைன் வீடுகளில் கதவைத் திறந்துகொண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த வீடுகளிலிருந்தும் வந்தார்கள். ஞானசுந்தரி அவளை மடியில் போட்டுக்கொண்டாள். வின்னி மரத்துக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளைத் தூக்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் திரும்பிப் பாத்திருந்தா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தாள். "பாத்திருந்தா நீயும் விழுந்திருப்பே" என்று வீடுவரை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டு வந்தேன். அது மெய்.

அந்தப் பௌர்ணமியில் வாசு பெயரால் தானம் கொடுத்தோம். வெள்ளைத் துணி விரித்து, படத்துக்கு மாலை போட்டு, பஞ்சசீலம் சொன்னோம். பொய் சொல்லேன் என்கிற நான்காவது சீலம் வந்தபோது என் குரல் தடுமாறவில்லை. மரத்தடியில் நான் சொன்னதை யார் முன்னாலும் மறுபடி சொல்லத் தயங்க மாட்டேன். யசோதா பிழைத்தாள். அடுப்பு எரிந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். லீலா என்று பெயர் வைத்தோம்.

யசோதா இன்றுவரை எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. வெந்நீர், வேட்டி, மருந்து எல்லாம் வேளைக்கு வரும். மாமா என்ற அழைப்பில் மரியாதை குறைந்ததில்லை. ஆனால் மழை வரப்போகிறது, துணியை எடும்மா என்று நான் உள்ளேயிருந்து சொன்னால், சரிங்க மாமா என்பாள். பிறகு வாசலுக்குப் போய், வானத்தைத் தானே ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள்.